உறங்கும் பிள்ளையின் சட்டை

வேன் ஆயா தூக்கிக் கையில் கொடுத்தபோதே மகள் ஆஷ்மி நன்றாக உறங்கிவிட்டிருந்தாள். "விடுற நேரத்துல மழை பிடிச்சிட்டு. எல்லாம் நனைஞ்சுதான் ஏறிச்சு. ஏறினதும் இது உறங்கிட்டு. பாத்து, தலை, தலை," என்று சொல்லிக்கொண்டே ஆயா புத்தகப்பையை பெனிட்டாவின் மறு தோளில் மாட்டிவிட்டு ஓடிப்போய் வேனில் ஏறிக்கொண்டாள். முற்றத்தைத் தாண்டி உள்ளே வருவதற்குள் பெனிட்டாவுக்கு மூச்சு வாங்கியது. இவ்வளவு கனமா. வேலைக்கு மஸ்கட்டுக்குப் புறப்பட்ட அன்றைக்கும் இதே தோளில்தான் கிடந்தாள், அன்றைக்கும் உறக்கம்தான், விழித்திருந்தால் விடமாட்டாள் என்று உறங்கட்டும் உறங்கட்டும் எனக் காத்திருந்துதானே காரை எடுத்தார்கள், அன்றைக்கு ஒரு தலையணையின் கனம்கூட இல்லை. இரண்டரை வயசு. இப்போது ஆறு முடியப்போகிறது. நடுவில் ஏறிய கனத்தையெல்லாம் வேறு யாரோ தூக்கியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, ஜெமிலாதான். புருஷன் வில்பிரட்டின் தங்கை. போன வாரம் கல்யாணம் முடிந்து அவள் கருங்கலுக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போயாயிற்று. அந்தக் கல்யாணத்துக்கென்று லீவு கேட்டு வந்தவள்தான் பெனிட்டா, தன் வீட்டுக்குத் தானே விருந்தாளியாக, ஒரு பெட்டி சாக்லேட்டும் அளவு தெரியாமல் வாங்கிய நாலு கவுனுமாக. நாலும் சின்னது. கட்டிலில் கிடத்தியதும் பிள்ளையின் தலை தொய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பினஃபோரின் ஓரத்திலிருந்து நீர் சொட்டி விரிப்பில் வட்டமாகப் பரவியது. மாற்றித்தான் ஆகவேண்டும். இந்த ஈரத்தோடு விட்டால் ராத்திரிக்குள் காய்ச்சல் வரும், நெஞ்சில் சளி கட்டும், அதெல்லாம் அவளுக்குத் தெரியும், அவள் நர்ஸ், ஈரத் துணியை மாற்றுவதைத் தவிர இந்த மூன்றரை வருஷமாக வேறு என்னத்தைச் செய்தாள். ஆனாலும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் கை மடியிலேயே கிடந்தது.

எழுப்பி, மக்கா, எழுந்து மாத்திக்கோ என்று சொல்லலாம். எழுப்பினால் அழும். எழுப்பாமல் மாற்றினால், பிறகு தெரிந்தால். காலையில் நடந்தது இன்னும் காதுக்குள் இருந்தது. ஜெமிலா இல்லாத முதல் பள்ளிக்கூட நாள் இது. பெனிட்டா விடியுமுன்பே எழுந்து பினஃபோரையும் சட்டையையும் தேய்த்து, சாக்ஸைச் சுருட்டி, டையை மேலே வைத்து, எல்லாவற்றையும் வரிசையாகக் கட்டிலில் பரப்பி வைத்திருந்தாள். ஜெபத்துக்கு முட்டுப்போடப் போகிறவள் மாதிரி ஒரு நடுக்கம். பிள்ளை குளித்துவிட்டு துவர்த்தைச் சுற்றிக்கொண்டு வந்து, கட்டிலைப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, கதவைச் சாத்தியது. சாத்தினதுதான், தாழ் போடவில்லை. பெனிட்டா வெளியே சீப்போடு நின்றாள். உள்ளே சத்தமே இல்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. சின்ன முனகல் ஒன்று கேட்டது, பிறகு அதுவும் இல்லை. சிக்கிக்கொண்டாளா, கழுத்தில் ஏதும், அவளால் நிற்க முடியவில்லை, தள்ளிவிட்டாள். பிள்ளை ஒரு கை சிம்மீஸுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றுகொண்டு, முகம் சிவந்து, "வராதீங்க," என்றது. "நீங்க வராதீங்க. நானே போடுவேன்." சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. அந்த வராதீங்க. அந்த நீங்க. ஜெமிலாவிடம் ஒருநாளும் நீங்க கிடையாது, அத்தை வா, அத்தை போ, நீ சும்மா கிட அத்தை என்றுதான் பேச்சு. கோயில் பாதிரியாருக்கு, டீச்சருக்கு, எப்போதாவது வரும் பெரியவர்களுக்கு நீங்க. அம்மாவுக்கும் நீங்க. யார் சொல்லிக்கொடுத்தார்கள். யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள், போனில் பேசுகிறவர்களுக்கு அப்படித்தான் என்று பிள்ளையே கண்டுபிடித்திருக்கும். வந்தவர்களுக்கு மரியாதை. அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து அடுப்பைத் துடைத்தாள், துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள்.

ஷூவில் ஆரம்பிக்கலாம். ஷூவைக் கழற்றினால் யாரும் கோபப்பட மாட்டார்கள். ஒட்டுப்பட்டையைப் பிரிக்கும்போது பர்ரென்று சத்தம் வந்தது, பிள்ளையின் கண்ணிமை அசைந்தது, பெனிட்டா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இல்லை, உறக்கம்தான். மறு ஷூவை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள். சாக்ஸ் தோலோடு ஒட்டிக் கிடந்தது. உருட்டி உருட்டிக் கழற்றினாள். பாதம் வெளுத்துச் சுருங்கிக் குளிர்ந்திருந்தது. அந்தப் பாதத்தை இரண்டு கைக்கும் நடுவில் வைத்துச் சூடு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தபோது, உம்மியின் பாதம் நினைவுக்கு வந்தது, வேண்டாம் என்றாலும் வந்தது. மஸ்கட்டில் அவள் பார்த்துக்கொண்டது ஒரே ஒரு கிழவியை. வீட்டில் எல்லாரும் உம்மி என்றார்கள், அவளும் அப்படியே கூப்பிட்டாள், அரபியில் என் அம்மா என்று அர்த்தமாம். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. உடுப்பு மாற்ற ஒரு முறை இருக்கிறது: போடும்போது விழுந்த கையை முதலில் விட வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். அவசரமே கூடாது. உம்மிக்குப் பிடிவாதம், நல்ல கை ஒன்றை வைத்துக்கொண்டு கழுத்துப் பட்டனைத் தானே மாட்டுவேன் என்பாள். மாட்டட்டும் என்று பெனிட்டா உட்கார்ந்திருப்பாள். டீ ஆறிப் போகும். பாங்கு சொல்லி முடித்துவிடுவார்கள். விரல் நழுவும், மறுபடி பிடிக்கும், மறுபடி நழுவும். அவள் கை நீட்டமாட்டாள், அதுதான் அவள் வேலை, அதில் அவளுக்குப் பெரிய பெயர், இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பொறுமை என்று உம்மியின் மகள் எல்லாரிடமும் சொல்வாள். பட்டன் உள்ளே போனதும் பெனிட்டா உம்மியின் தாடையைப் பிடித்து, ஷாத்திரா உம்மி, ஷாத்திரா என்பாள். கெட்டிக்காரி என்று அர்த்தம். கிழவி பாதி வாயால் சிரிப்பாள்.

டையின் எலாஸ்டிக்கைத் தலைக்கு மேலே தூக்கி எடுத்தாள். பெல்ட்டை இளக்கினாள். பினஃபோரின் ஜிப் முதுகில் இருந்தது, பிள்ளையை மெல்லத் தன் பக்கமாகப் புரட்ட வேண்டியிருந்தது, புரட்டுவது கைப்பழக்கம், முழங்காலை மடக்கி, தோளைப் பிடித்து, ஒரே அசைவில். எத்தனை லேசாக வருகிறது. கட்டிலில் கிடக்கிற எந்த உடம்பையும் அவளால் எழுப்பாமல் மாற்ற முடியும். இந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்ததும் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. நீலக் கவுன். அதை நினைக்கக் கூடாது என்றுதான் இத்தனை நேரமும் வேறு எதையெதையோ நினைத்துக்கொண்டிருந்தாள், ஜிப் இறங்கும்போது அதுவும் இறங்கி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை, வீடியோ கால். போனை மருந்து டப்பாவில் சாய்த்து வைத்திருந்தாள், கையில் உம்மியின் சட்டைக் கை. போனுக்குள் பிள்ளை குதித்துக்கொண்டு நின்றது, நாலு வயசு, முன்னால் பட்டன் வைத்த நீலக் கவுன், "அம்மா பாருங்க, நானே போட்டேன். அத்தை தொடவே இல்ல." பின்னால் ஜெமிலா சிரித்துக்கொண்டு நின்றாள். பெனிட்டா பார்த்தாள். என்ன பார்த்தாள். கழுத்துப் பக்கம் ஒரு ஓட்டை மிச்சம், கீழே ஒரு பட்டன் மிச்சம், கவுன் முழுக்க ஒரு பக்கமாக ஏறி நின்றது. "ஒரு பட்டன் மாறிக் கிடக்குல்லா மக்கா. அத்தைகிட்ட சொல்லி ஒழுங்கா மாட்டு," என்றாள். கோபமாகக்கூட இல்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், அதைப் பலமுறை தனக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிள்ளை குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தது. பிறகு போனில் முகம் இல்லை, கூரையும் சுற்றுகிற ஃபேனும்தான் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து உம்மியின் பட்டன் ஓட்டைக்குள் போயிற்று, பெனிட்டா திரும்பி, ஷாத்திரா உம்மி, ஷாத்திரா என்று கைதட்டினாள். போன் கட்டாகவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. பிள்ளை அதைக் கேட்டிருக்குமா. அரபி தெரியாது. ஆனால் கைதட்டுவதற்கு எந்தப் பாஷை வேண்டும்.

அதற்குப் பிறகு பிள்ளை எதையும் போட்டுக் காட்டவில்லை. படம் காட்டும், விழுந்த பல்லைக் காட்டும், பக்கத்து வீட்டுப் பூனையைக் காட்டும். உடுப்பு மட்டும் காட்டாது. எப்போதும் சுத்தமாக, எல்லாம் சரியாக மாட்டி, தலை வாரித்தான் போன் முன்னால் வந்து உட்காரும், நேர்முகத் தேர்வுக்கு வந்த மாதிரி. பெனிட்டாவும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள், பிள்ளை ஒழுங்காக வளருது என்று. சட்டையின் பட்டன்களை அவள் இப்போது மேலிருந்து கழற்றிக்கொண்டு வந்தாள். நனைந்த நூல், ஓட்டை இறுகிப்போயிருந்தது. இந்த இறுக்கத்தை இந்தச் சின்ன விரல் எப்படித் தள்ளியது. எந்தப் பட்டனில் முதலில் ஜெயித்தது, எத்தனை நாள் தோற்றது, தோற்றபோது அழுததா, சட்டையைத் தூக்கி எறிந்ததா. எதுவும் அவளுக்குத் தெரியாது. ஜெமிலாவுக்குத் தெரியும். மறுவீடு முடிந்து காரில் ஏறுவதற்கு முன் ஜெமிலா அவளைத் தனியாக அடுக்களைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள், கண் கலங்கித்தான் சொன்னாள்: "மைனி, காலையில பிள்ளைக்கு நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். சும்மா பக்கத்துல இருந்தா போதும். முன்ன எது பின்ன எதுன்னு சந்தேகம் வந்தா அதுவே கேக்கும். கேக்காம கை வச்சிராதீங்க." பெனிட்டாவுக்கு அப்போது சுருக்கென்றது. எனக்கே சொல்லித் தருகிறாளா. என் பிள்ளைக்கு எது வேண்டுமென்று எனக்கா. சரி சரி, பார்த்துக்கலாம் என்று வாயால் சொல்லி, உள்ளே வேறு என்னவோ சொல்லிக்கொண்டாள். பெண் பார்க்க வந்தவர்களையெல்லாம் அண்ணன் பிள்ளை கொஞ்சம் வளரட்டும் என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பியவள் அவள். அதற்கும் நன்றி என்று பெனிட்டா ஒரு வார்த்தை முகம் பார்த்துச் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு நகை போட்டாள், பெரிய செயின்தான் போட்டாள், எல்லாரும் பார்க்கப் போட்டாள். அது வேறு.

சட்டைக் கை வெளியே வந்தபோது இடது தோளுக்குக் கீழே தழும்பு தெரிந்தது. சின்னதுதான், புளியங்கொட்டை அளவு, பளபளவென்று வெளுத்து. பெனிட்டாவின் விரல் அங்கேயே நின்றுவிட்டது. சூடா. எண்ணெயா. அம்மையின் வடு இப்படி இருக்காது. அம்மை வந்ததையே எல்லாம் முடிந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வில்பிரட் சொன்னான், "நீ அங்க இருந்து என்ன செய்யப் போற, வெறுதே அழுவ, அதான் சொல்லல்ல." அந்த மாதிரி இதுவும் சொல்லாமல் விட்டதா. அல்லது சொன்னார்களா, சொல்லி இவள் மறந்துவிட்டாளா. எது மோசம் என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. சொல்லாதிருந்தால் அவர்கள் மேல் ஒரு கோபத்துக்கு இடம் இருக்கும். சொல்லியிருந்தால், ஏதோ ஒரு சாயங்காலம், உம்மியின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே, ஐயோ அப்படியா, மருந்து போட்டியளா, சரி என்று சொல்லி வைத்திருந்தால். உம்மியின் உடம்பில் எங்கெங்கே என்னென்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். முதுகில் இரண்டு மச்சம். வயிற்றில் பழைய ஆபரேஷன் கோடு. இடது முழங்கையில், சின்ன வயசில் ஒட்டகத்திலிருந்து விழுந்தது. அந்தக் கதையைக் கிழவி எத்தனை தடவை சொல்லியிருப்பாள். இந்தத் தழும்புக்கு என்ன கதை என்று பெற்றவளுக்குத் தெரியவில்லை. குளிக்கவும் கதவைச் சாத்திக்கொள்கிற பிள்ளை, உறங்கியதால் அல்லவா இதைப் பார்க்க முடிந்தது. திருட்டுத்தனமாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. போதும், மூடிவிடலாம் என்று நினைத்தாள், ஆனால் சிம்மீஸும் நனைந்திருந்தது, அதையும் எடுத்தால்தான் ஆகும், இதோடு விட்டால் என்ன பிரயோஜனம்.

சிம்மீஸை வயிற்றிலிருந்து மேலே சுருட்டிக்கொண்டு வந்து, அக்குள் வரை கொண்டுவந்து, இனி தலையைத் தூக்கினால் எழுந்துவிடுமே என்று தயங்கினாள். வெளியே பெருமழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது, அதுவும் பிள்ளையின் மூச்சும் தவிர வேறு சத்தமில்லை. அப்போது பிள்ளை, கண் திறக்காமல், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியது. யாரும் சொல்லவில்லை. தானாக, பூ மாதிரி, விரல்கள் விரிய. சிம்மீஸ் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பெனிட்டா துவர்த்தால் அந்தக் கையையும் கழுத்தையும் ஒற்றி ஒற்றித் துடைத்தாள், தலையைத் துடைத்தாள், கொடியிலிருந்து பழைய பூப்போட்ட வீட்டுக் கவுனை எடுத்துக் கழுத்து வழியே இறக்கினாள், கை தேடி வந்து கவுனின் கைக்குள் தானே புகுந்தது. "அத்தை," என்றது பிள்ளை, உறக்கத்தின் அடியிலிருந்து. பெனிட்டா கவுனின் விளிம்பை முழங்காலுக்கு இழுத்துவிட்டாள். "அத்தை, அம்மா போயிட்டாங்களா?"

அவளுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை, பிறகு புரிந்தது, புரிந்ததும் எந்தக் கேள்வி என்று புரியவில்லை. போய்விடக் கூடாதே என்கிற கேள்வியா. போய்விட்டால் கதவைச் சாத்தவேண்டியதில்லை என்கிற கேள்வியா. முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை, நெற்றியில் ஈர முடி, வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு தடவை உறங்கி எழுந்து பார்த்தபோது அம்மா இல்லை, அதை இந்த உடம்பு மறந்திருக்குமா. நான்தான் அம்மா என்று சொல்லலாம். சொன்னால் விழிக்கும், விழித்தால் கையை இழுத்துக்கொள்ளும், நீங்க வந்துவிடும். பதில் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. ஜெமிலா எப்படிச் சொல்வாள். "போகல்ல மக்கா," என்றாள், தன் குரலைத் தாழ்த்தி, முடிந்தவரை அவள் குரலாக ஆக்கி. "இங்கதான் இருக்காங்க. போகமாட்டாங்க. நீ உறங்கு." பிள்ளை, "ம்," என்றது. நல்லது என்கிற ம்மா, சரி என்ன செய்ய என்கிற ம்மா. சுவர்ப்பக்கம் புரண்டு முழங்காலை மடக்கிக்கொண்டு மறுபடி உறக்கத்துக்குள் போய்விட்டது. பெனிட்டா ஈரத் துணிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உம்மியின் மகள் முந்தாநாள் போன் பண்ணியிருந்தாள், அம்மா வேறு யாரையும் கிட்டே விடமாட்டேன் என்கிறாள், எப்போது வருகிறாய் என்று. வில்பிரட், உன் இஷ்டம் என்றான், அவன் எதற்கும் உன் இஷ்டம்தான். இரண்டு நாளாக அவள் அந்தக் கேள்வியைத் தூக்கி அங்கும் இங்கும் வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது வேறொருத்தியின் குரலில், உறங்குகிற பிள்ளையிடம் சொல்லியாயிற்று. சொன்னது சொன்னதுதான். அதில் சந்தோஷம் வரும் என்று கொஞ்சம் காத்துப் பார்த்தாள். வரவில்லை. இருக்கப்போவது என்னவோ நிஜம், ஆனால் இருந்திருக்க வேண்டிய காலம் போய்விட்டது, முதல் பட்டன், முதல் தடவை கை சரியான ஓட்டையில் நுழைந்தது, கவுனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தெருவரைக்கும் ஓடியது, அதெல்லாம் கருங்கலில் ஒருத்தியின் நெஞ்சுக்குள் இருக்கிறது. இனி என்ன செய்தாலும் அதெல்லாம் இவளுக்கு வராது. மழை குறைந்து ஓட்டிலிருந்து சொட்டுச்சொட்டாக விழுந்தது.

வெயில் மங்கலாக எட்டிப்பார்த்த நேரத்தில் ஆஷ்மி எழுந்து உட்கார்ந்தாள். கண்ணைக் கசக்கினாள். குனிந்து தன் மேலிருந்த பூப்போட்ட கவுனைப் பார்த்தாள், பிறகு அம்மாவின் மடியில் இருந்த பினஃபோரைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். "நீங்களா மாத்தினீங்க?" என்றாள்.

"ஆமா மக்கா. நனைஞ்சிருந்துது. நீ நல்ல உறக்கம்."

பிள்ளை யோசித்தது. கோபமா என்று தெரியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, கவுனைச் சற்று நேரம் இழுத்து இழுத்துப் பார்த்தது. பிறகு கட்டிலை விட்டு இறங்கி நின்று, கவுனின் கீழ் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, தலைக்கு மேலே இழுத்துக் கழற்றியது. முகம் துணிக்குள் மாட்டிக்கொண்டது, முழங்கைகள் இப்படியும் அப்படியும் இடித்தன. பெனிட்டாவின் கை மடியில் ஈரத் துணியைப் பிசைந்தது. துணி விடுபட்டது. முடி கலைந்து, மூச்சு வாங்க, பிள்ளை அந்தக் கவுனைக் கட்டிலில் விரித்து, முன்பக்கம் எது என்று பூவைப் பார்த்துக் கண்டுபிடித்து, கவிழ்த்துப் போட்டு, உள்ளே தலையை விட்டு, ஒரு கையைத் தேடி, மறு கையைத் தேடி, நானே என்று யாரிடமும் சொல்லாமல், அதே கவுனை மறுபடியும் முதலிலிருந்து போட ஆரம்பித்தது. வெளியே போங்க என்று சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டதா, சொல்ல வேண்டாம் என்று விட்டதா. கதவு திறந்துதான் கிடந்தது. எழுந்து போய்விடலாமா, சுவர்ப்பக்கமாவது திரும்பிக்கொள்ளலாமா என்று பெனிட்டா நினைத்தாள். திரும்பவில்லை. ஒரு வார்த்தையும் பேசாமல், மகள் கவுன் போடுவதை அவள் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.